விரால் மீனுக்குப் பெயர் வைத்த டாக்டர்

19 வயது வரை அவருக்குத் தன் ஊர் மொழியைப் படிக்கத் தெரியாது.

தெருவில் ஒரு பலகையைப் படிக்க வேண்டும் என்றாலும் பிறர் துணை வேண்டும். அப்படி இருந்தவர், பிற்காலத்தில் மீன்களைப் பற்றி 12 பாகங்கள் கொண்ட புத்தகம் எழுதினார். அதில் 432 வண்ணப் படங்கள். முதல் பாகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 59!

அவர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் காரைக்கால் கடைத்தெருவில் இன்று விற்கும் விரால், குரவை, தேளி, கெளுத்தி ஆகிய மீன்களுக்கு விஞ்ஞான உலகில் வழங்கும் பெயர்கள் அவர் வைத்தவை.

அவர்தான் டாக்டர் மார்க்கஸ் எலியேசர் பிளோக்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஜெர்மனியில் ஆன்ஸ்பாக் என்று ஓர் ஊர். அங்கே 1723-ம் ஆண்டு ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிளோக் பிறந்தார். தகப்பனாருக்குச் சிறு வியாபாரம். மகனைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வசதி இல்லை.

வேதம் படிக்க வேண்டும் என்று எபிரேய மொழி மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் பையன் கெட்டிக்காரன். ஆனால் ஜெர்மன் எழுத்து தெரியாது. ஐரோப்பாவில் அக்காலத்தில் படித்தவர்களின் மொழி லத்தீன். அதுவும் தெரியாது.

ஹாம்பர்க் நகரில் ஒரு யூத வைத்தியர் வீட்டில் அவருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. வீட்டுப் பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக் கொடுப்பது வேலை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, வாத்தியார் தாமும் மாணவர் ஆனார். ஜெர்மன் கற்றார். லத்தீன் கற்றார். அந்த வீடு வைத்தியர் வீடு அல்லவா? மனித உடம்பின் எலும்பு, நரம்பு, குடல் எல்லாம் எப்படி அமைந்திருக்கின்றன என்பதையும் அங்கே கற்றுக்கொண்டார்.

பிறகு பெர்லினுக்குப் போனார். உறவினர்கள் ஆதரவு கொடுத்தார்கள். ஓடர் ஆற்றங்கரையில் உள்ள பிராங்க்பர்ட் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்த நாளில் யூதர்கள் பெர்லினில் குடியிருக்கவே அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஆனால் வைத்தியம் செய்யலாம். பிளோக் நல்ல டாக்டர் என்று பெயர் எடுத்தார். புகழ்பெற்ற தத்துவ ஞானி மோசஸ் மெண்டல்சன் கூட அவரிடம் சிகிச்சை பெற்றவர்தான்.

இதோடு நின்றிருந்தால் பிளோக்கின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

புத்தகத்தில் இல்லாத மீன்

ஒரு நாள் அவர் கைக்கு ஓர் ஏரி மீன் வந்தது. அதன் பெயரை அறிய விரும்பினார். உயிர்களுக்கெல்லாம் பெயர் வைத்து வரிசைப்படுத்திய சுவீடன் நாட்டு மேதை லின்னேயஸ் எழுதிய புத்தகத்தைப் புரட்டினார். அந்த மீன் அதில் இல்லை!

சொந்த நாட்டு ஏரியில் இருக்கும் மீனே புத்தகத்தில் இல்லை என்றால், இன்னும் எத்தனை மீன் விட்டுப் போயிருக்கும்? அன்று பிடித்தது மீன் பைத்தியம் என்று சொல்வார்கள். கடைசி வரை அது தெளியவில்லை.

1782-ல் முதல் பாகம் வெளிவந்தது. ஜெர்மனி நாட்டு மீன்களுக்கு 3 பாகம். வெளிநாட்டு மீன்களுக்கு 9 பாகம். 1795-ல்தான் வேலை முடிந்தது. தொடக்கத்தில் அச்சுச் செலவு அவருடைய சொந்தப் பணம். பிறகு பிரபுக்கள் உதவிக்கு வந்தார்கள். எந்தப் படத்துக்கு யார் பணம் கொடுத்தாரோ, அவர் பெயர் அந்தப் படத்தின் அடியிலேயே அச்சாயிற்று. படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். செதில் மின்ன வேண்டும் என்பதற்காகச் சில படங்களில் வெள்ளியும் தங்கமும் பூசினார்கள்.

தரங்கம்பாடியில் ஒரு நண்பர்

வெளிநாட்டு மீன் வேண்டுமே! பெர்லினில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

இங்கேதான் நம் காவிரிக் கரை கதைக்குள் வருகிறது.

காரைக்காலில் பஸ் ஏறி வடக்கே போனால், கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி வந்துவிடும். இன்று இரண்டு ஊருக்கும் நடுவே புதுச்சேரி, தமிழ்நாடு என்ற எல்லைதான் இருக்கிறது. அன்று இரண்டும் வெவ்வேறு வெள்ளைக்காரர்கள் கையில் இருந்தன. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க் நாட்டாரிடம் இருந்தது.

எல்லை மனிதருக்குத்தான். மீனுக்கு ஏது எல்லை? ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால், வாய்க்கால் வழியே வந்து குளம், வயல் எல்லாம் ஏறிவிடும். அரசலாற்றில் துள்ளும் விராலும் தரங்கம்பாடிக் குட்டையில் கிடக்கும் விராலும் ஒரே சாதிதான்.

தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1771-ல் வந்தவர். 1813-ல் அங்கேயே காலமானார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர். நம் ஔவையாரின் நீதிகளை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவரும் இவரே. சிப்பி, பாம்பு, மீன் எதுவானாலும் விடமாட்டார். சேர்த்து வைப்பார்.

அவர் மீன்களைச் சாராயத்தில் போட்டுக் கப்பலில் அனுப்பினார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாய்மரக் கப்பல் போய்ச் சேரப் பல மாதம் ஆகும். அதன் பிறகுதான் பெர்லினில் பிளோக் புட்டியைத் திறப்பார்.

அதற்குள் மீனின் நிறம் வெளுத்திருக்கும். உருவம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

உருவம் சொன்ன சேதி

நீரில் நீந்துவதைப் பார்க்க முடியாது. என்ன தின்கிறது என்று பார்க்க முடியாது. கையில் இருப்பது உடம்பு ஒன்றுதான். ஆனால் மீனின் உடம்பு நிறையப் பேசும்.

விராலை எடுத்துக்கொள்ளுங்கள். உருட்டுக் கட்டை போன்ற உடம்பு. பாம்பு போன்ற தலை. அகன்ற வாய். கூரிய பற்கள். முதுகிலும் அடியிலும் வால் வரைக்கும் ஓடும் நீண்ட துடுப்பு. இது ஓடியாடி மேயும் மீன் அல்ல. செடிக்குள் அசையாமல் கிடக்கும். சிறு மீனோ தவளையோ கிட்டே வந்தால் அம்பு போலப் பாய்ந்து கவ்வும். பிளோக் இந்த இனத்துக்குப் பாம்புத் தலையன் என்று பொருள்படும் பெயர் வைத்தார். விராலின் உடம்பில் கோடு. குரவையின் உடம்பில் புள்ளி. அதனால் ஒன்றைக் கோட்டு மீன் என்றும் மற்றதைப் புள்ளி மீன் என்றும் லத்தீனில் குறித்தார். அது 1793-ல்.

வாளைக்கு வாய்தான் பெரிது. வாயின் பிளவு கண்ணையும் தாண்டிப் போகிறது. பட்டையான நீண்ட உடம்பு. தன்னைவிடக் கொஞ்சமே சிறிய மீனையும் விழுங்கப் பார்க்கும். நன்னீர்ச் சுறா என்று அதற்கு ஒரு பட்டப் பெயர் உண்டு.

கெளுத்தியும் தேளியும் வேறு வகை. வாயைச் சுற்றி எட்டு மீசை. சேற்றுத் தண்ணீரில் கண்ணால் என்ன தெரியும்? மீசையால் தடவித் தடவிப் புழுவைக் கண்டுபிடிக்கின்றன. வயிறு தட்டையாக இருப்பதால் கெளுத்தி தரையை ஒட்டியே போகலாம். தேளியின் முள் குத்தினால் என்ன ஆகும் என்பது சேற்றில் கை விட்டவர்களுக்குத் தெரியும்! இந்த இரண்டையும் தரங்கம்பாடி மீன்கள் என்றே 1794-ல் பிளோக் எழுதினார்.

ஆரால் இன்னொரு விதம். கயிறு போல நீண்ட உடம்பு. நுனியில் ஊசி போன்ற மூக்கு. பகலில் மண்ணுக்குள் கிடக்கும். இரவில் மூக்கை நுழைத்துப் புழு தேடும்.

வயிற்றுக்குள் என்ன?

பிளோக் டாக்டர் ஆயிற்றே! வெளி உருவத்தோடு விடுவாரா? மீனின் வயிற்றையும் அறுத்துப் பார்த்தார்.

இதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்கிறார்கள். அடுத்த முறை அரிவாள்மணையின் முன் உட்காரும்போது ஒன்று கவனியுங்கள். விராலின் குடல் குட்டையாக இருக்கும். அதன் இரைப்பை நல்ல பை போல விரியும். மாமிசம் சீக்கிரம் செரிக்கும். நீண்ட குடல் தேவை இல்லை.

ரோகுக் கெண்டையை அறுத்துப் பாருங்கள். குடல் நூல்கண்டு போலச் சுருண்டு சுருண்டு வரும். நீட்டி வைத்தால் மீனின் நீளத்தைப் போலப் பல மடங்கு. பாசியும் தழையும் செரிக்க நேரம் ஆகும். அதனால் இவ்வளவு நீளம். இன்னொரு விந்தை. கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. வாயில் பல்லும் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன! தின்றதை அங்கேதான் அரைக்கிறது.

குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் இந்த உருவ வித்தியாசத்தை வைத்தே பிழைக்கிறார்கள். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கி இருக்கிறது. அது மேல் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிறது. ரோகு நடுத் தண்ணீரில் மேய்கிறது. மிர்காலுக்கு வாய் கீழ் நோக்கி இருக்கிறது. அது அடிச் சேற்றில் மேய்கிறது. ஒரே குளத்தில் மூன்றையும் விட்டால் ஒன்றின் தீனிக்கு மற்றது பெரும்பாலும் போட்டிக்கு வராது. மூன்றும் வடநாட்டு ஆறுகளிலிருந்து நம் பக்கம் வந்தவை. பிளோக் காலத்தில் நம் பக்கம் இந்த வளர்ப்பு முறை கிடையாது.

மீன் வயிற்றை அறுத்ததில் பிளோக்குக்கு வேறொரு லாபமும் கிடைத்தது. குடலில் புழுக்கள் இருந்தன. அந்தப் புழு எப்படி உண்டாகிறது என்று டென்மார்க் நாட்டு விஞ்ஞான சபை ஒரு போட்டி வைத்தது. பிளோக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினார். புழு பிறவியிலேயே உடம்புக்குள் இருக்கிறது என்பது அவர் கட்சி. அது சுத்தத் தவறு! வெளியிலிருந்துதான் புழு உள்ளே போகிறது என்று பின்னால் வந்தவர்கள் நிரூபித்துவிட்டார்கள். பரிசு மட்டும் பரிசுதான்.

ஏமாந்த இடம்

உருவத்தை நம்பிய பிளோக்கை உருவமே ஏமாற்றியதும் உண்டு.

செத்தகெண்டை என்று ஒரு மீன். கேரளத்தில் கரிமீன் என்பார்கள். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நிறைய இருக்கும். வட்டமான தட்டை உடம்பு. சின்ன வாய். அதை 1790-ல் பார்த்த பிளோக், கடலில் பவளப் பாறைகளில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீனின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம் அல்லவா!

ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. செத்தகெண்டைக்கு உண்மையான உறவு, நாம் ஜிலேபி என்று சொல்லும் திலேப்பியா மீன்தான். பிறகு ஏன் இந்த ஒற்றுமை? பிழைப்பு அப்படி. ஒன்று பவளப் பாறை இடுக்கில் கொத்தித் தின்கிறது. மற்றொன்று கல்லிலும் செடியிலும் பாசியைக் கொத்தித் தின்கிறது. இடுக்கில் நுழைந்து திரும்பத் தட்டை உடம்பு வசதி. கொறிக்கச் சின்ன வாய் வசதி. ஒரே மாதிரிப் பிழைப்பு, காலம் செல்லச் செல்ல ஒரே மாதிரி உடம்பைக் கொடுத்திருக்கிறது. மீனின் வடிவம் அது செய்யும் தொழிலைச் சொல்லும். யாருக்கு யார் சொந்தம் என்று சொல்லாது. பிளோக் காலத்தில் இது யாருக்கும் புரியவில்லை. அதனால் அவரைக் குறை சொல்வது நியாயம் அல்ல.

பனையேறிக் கெண்டை விஷயத்திலும் அவர் சறுக்கினார். 1792-ல் அதை ஒரு கடல் மீன் வகையில் சேர்த்தார். ஊர் ஜப்பான் என்றும் எழுதிவிட்டார்! நம் வயல் வாய்க்காலில் புரளும் மீன் அது.

பனையேறி பனை ஏறுமா? 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்ற டென்மார்க் ராணுவ அதிகாரி, தண்ணீருக்கு ஐந்தடி மேலே பனை மரத்தில் இந்த மீனைப் பார்த்ததாக எழுதினார். லண்டனில் 1797-ல் அது அச்சானது. ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. உண்மை என்னவென்றால், காற்றைச் சுவாசிக்க அதற்குத் தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது. செவுள் மூடியில் முட்கள் இருக்கின்றன. அவற்றை ஊன்றி ஈரத் தரையில் நகர்ந்து, ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். மரம் ஏறுவது அதன் வழக்கம் அல்ல. ஆனாலும் பனையேறி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

லத்தீனுக்குள் தமிழ்

ஜான் பாதிரியார் மீனோடு தமிழ்ப் பெயரையும் எழுதி அனுப்பினார். அந்தப் பெயரை யார் சொல்லியிருப்பார்கள்? வலை வீசியவர்களும் கூடை சுமந்தவர்களும்தான்.

அந்தச் சொற்கள் பெர்லினுக்குப் போய் லத்தீனுக்குள் நுழைந்தன. ஆராலின் விஞ்ஞானப் பெயரில் இன்றும் ஆரல் என்ற சொல் அப்படியே இருக்கிறது. கத்தாழை என்ற கடல் மீனில் ஒரு வகைக்குப் பிளோக் வைத்த பெயரில், கருத்த என்ற நம் சொல் கருட்டா என்று திரிந்து கிடக்கிறது. கத்தாழை இனத்துக்கே ஜானியஸ் என்று பெயர் வைத்தார். தரங்கம்பாடி நண்பர் ஜானுக்கு அவர் செய்த மரியாதை அது. பாரிஸ் நகரத்து லாசெபேத் என்ற அறிஞர் ஒரு படி மேலே போனார். பிளோக்கின் புத்தகத்தைப் படித்துவிட்டு 1801-ல் விராலுக்கு வ்ரால் என்றும், குரவைக்குக் கருவே என்றும் பெயர் வைத்துவிட்டார்! பிளோக்கின் பெயர்கள் முந்தியவை என்பதால் அவை நிலைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசி நாட்கள்

12 பாகம் முடிந்த பிறகும் பிளோக் ஓயவில்லை. உலகத்து மீன்கள் அத்தனையையும் ஒரே புத்தகத்தில் வரிசைப்படுத்த வேண்டும் என்று தொடங்கினார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. உடம்பு ஒத்துழைக்கவில்லை. வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் போன கார்ல்ஸ்பாட் நகரில், 1799 ஆகஸ்டு 6-ந்தேதி காலமானார்.

ஷ்னைடர் என்ற அறிஞர் அந்தப் புத்தகத்தை முடித்து 1801-ல் வெளியிட்டார். அதில் 1,519 வகை மீன்கள் இருந்தன. வாளைக்கும் ஆராலுக்கும் விஞ்ஞானப் பெயர் வந்தது இந்தப் புத்தகத்தில்தான். ஆனால் மீன்களைத் துடுப்புகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்திருந்தார்கள். அது சரியான முறை அல்ல என்று பின்னால் வந்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பிளோக் சேர்த்து வைத்த மீன்கள் பெர்லின் பல்கலைக்கழகக் காட்சிசாலைக்குப் போயின. அங்கே உலகப் போரின் குண்டுகள் விழுந்தன. அப்படியும் சுமார் 800 மீன்கள் இன்றும் அந்த நகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கின்றன. தரங்கம்பாடியிலிருந்து கப்பல் ஏறியவையும் அவற்றில் உண்டு. 200 வருஷத்துக்கு மேலாகப் புட்டிக்குள் இருக்கின்றன. நிறம் போய்விட்டது. பெயர்ச் சீட்டு இருக்கிறது.

விராலின் விஞ்ஞானப் பெயரை எழுதுகிறவர்கள், அதன் பின்னால் பிளோக், 1793 என்று சேர்த்தே இன்றும் எழுதுகிறார்கள்.